பாகூர்க் கடைத்தெருவில் நின்றுபோன யுத்தம்

என் கல்யாணத்தை முடித்துவைத்தது ஜெர்மனியும் ருஷ்யாவும்தான் என்று சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பாகூரில் அந்தக் காலத்தில் இருந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

என் அப்பாவுக்கு ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன கிராமம். மாமனாருக்குப் பாகூரே சொந்த ஊர். இரண்டு பேரும் ஒரே ஏரித் தண்ணீரில் நெல்லும் கரும்பும் வைத்தவர்கள். சாயங்காலமானால் அப்பா ஏரிக்கரை மேலேயே நடந்து கடைத்தெருவுக்கு வந்துவிடுவார். அங்கே ஒரு மளிகைக்கடைக்குத் தமிழ்ப் பேப்பர் ஒன்று வரும், அதுவும் ஒரு நாள் பிந்தி. அப்பா அதை உரக்கப் படிப்பார். மாமனாருக்குக் கண்ணில் புரை விழுந்திருந்ததால் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார். அவர் அப்போது எனக்கு மாமனார் ஆகியிருக்கவில்லை. தினமும் அப்பாவோடு மல்லுக்கு நிற்கிற ஒரு பெரிய மனுஷர், அவ்வளவுதான் தெரியும்.

அவர் ஜெர்மனிக் கட்சி, அப்பா ருஷ்யாக் கட்சி. அவரிடம் ஜெர்மன் கத்தி ஒன்று இருந்தது. பதினைந்து வருஷமாகச் சாணை பிடிக்காமல் கரும்பு சீவுகிறேன், இப்படிக் கத்தி செய்கிறவன் தோற்கமாட்டான் என்பார். அப்பாவின் தம்பி புதுச்சேரியில் மில்லில் வேலை பார்த்தார். ருஷ்யாவில் உழுகிறவனுக்கே நிலம் என்று அவர் வந்து சொன்னதிலிருந்து அப்பாவுக்கு அந்தத் தேசம் குலதெய்வம் மாதிரி ஆகிவிட்டது. இரண்டு பேரும் நெட்டப்பாக்கம் தாண்டி மேற்கே போனதில்லை. ஆனால் பெர்லினுக்கும் மாஸ்கோவுக்கும் இவர்கள்தான் காவல்காரர்கள் மாதிரி கத்துவார்கள்.

இதற்கு நடுவில்தான் என் கல்யாணப் பேச்சு. ஜாதகம் பொருந்திவிட்டது. எல்லோருக்கும் சம்மதம். ஆனால் ஒரு வருஷமாக நகரவில்லை. முதலில் யார் யார் வீட்டுக்கு வருவது என்பதுதான் சிக்கல். "பொண்ணு கேட்டு அவருதான் வரணும், அதான் முறை" என்றார் அப்பா. "மாப்ள வூட்ட அவரு வந்து பாக்கட்டும், அப்புறம் நான் வரேன்" என்றார் அவர். தினமும் ஒரே பலகையில் உட்கார்ந்து பேப்பர் கேட்கிற மனுஷர்கள், இதை மட்டும் ஒருத்தருக்கொருத்தர் நேரில் பேசமாட்டார்கள். தரகர் நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தார். எனக்கு வந்த எரிச்சலில், ரெண்டு பேருமே வேண்டாம், நான் இப்படியே இருந்துவிடுகிறேன் என்று அம்மாவிடம் கத்தியிருக்கிறேன்.

முப்பத்தொன்பதாம் வருஷம் ஆவணியில் ஒருநாள் அப்பா பேப்பரைப் பிரித்தார். படிக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாராம். கடைக்காரர்தான் "இன்னா சாமி, எழுத்து ஓடிப்போச்சா?" என்று சீண்டியிருக்கிறார். ஜெர்மனியும் ருஷ்யாவும் ஒருவரையொருவர் தாக்குவதில்லை என்று ஒப்பந்தம் செய்துகொண்டுவிட்டன. ஜெர்மன் வெளிநாட்டு மந்திரியே விமானம் ஏறி மாஸ்கோவுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இத்தனை வருஷமாகத் தொழிலாளியின் முதல் எதிரி ஜெர்மன்காரன் என்று சொல்லிக்கொண்டிருந்த அப்பா பேப்பரைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாராம். அந்த வரியை இரண்டு தடவை படித்தாராம்.

மாமனார் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "யாரு போனாங்களாம்? ஜெர்மன்காரனா போனான்?"

"ஆமா, அவந்தான் போயிருக்கான்."

"அப்ப சரி" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். மறுநாள் காலையில் எங்கள் வீட்டு வாசலில் வண்டி நின்றது. தாம்பாளத்தில் பூ, பழம், வெற்றிலை. "எங்க ஆளே அம்மாந்தூரம் ஏறிப் போயிருக்கான், ஏரியச் சுத்திக்கினு வர்றதுல எனக்கு இன்னா கொறஞ்சிடப் போவுது? பொண்ணு குடுங்க" என்றார். அப்பா சிரித்துவிட்டார். அந்த ஒப்பந்தத்தை இரண்டு பேரும் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார்கள். உலகத்தில் அதைச் சகுனமாக எடுத்துக்கொண்டவர்கள் இவர்கள் இரண்டு பேராகத்தான் இருக்கும்.

ஆவணி முடிவதற்குள் கல்யாணம் நடந்தது. பந்தல்கால் நட்ட வாரமே யுத்தமும் ஆரம்பித்துவிட்டது. பிரெஞ்சுக்காரன் ஜெர்மனிக்கு எதிராக இறங்கிவிட்டான். நாங்கள் இருந்ததோ பிரெஞ்சுக்காரன் மண். அதனால் மாமனார் தன் கட்சியை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்ளப் பழகினார். மேரி என்கிற பிரெஞ்சு நகரசபை ஆபீசில் கல்யாணத்தைப் பதிவு செய்யப் போனபோது, கையெழுத்துப் போட்டுவிட்டு அப்பாவின் காதருகே குனிந்து, "நாமளும் ஒப்பந்தம் போட்டாச்சு சம்பந்தி" என்றார். அது எனக்குக் கேட்டது.

ஒரு மாதத்துக்குள் மறுவீடு போயிருந்தேன். நடுவில் இருந்த போலந்தை இரண்டு பேரும் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள் என்று அப்பா படித்துக்காட்டினார். "நடுவுல இருந்தவங்கள யாரும் ஒரு வார்த்த கேக்கலியாப்பா?" என்றேன். "அது ராஜதந்திரம்மா, உனக்குப் புரியாது" என்றார். எனக்கு நன்றாகவே புரிந்தது. புரிந்ததால்தான் கோபம் வந்தது.

புகுந்த வீட்டில் எனக்குக் குறையில்லை. மாமியார் முன்பே இறந்துவிட்டார். மாமனார், என் வீட்டுக்காரர், நான், மூன்றே பேர். வீட்டுக்காரர் நல்ல மனுஷர். மாட்டிடம் பேசுவார், பயிரிடம் பேசுவார், தன் அப்பாவிடம் மட்டும் பேசமாட்டார். இரண்டாம் வருஷம் மார்கழியில் உண்டானேன்.

இங்கே என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருக்கனூர் பக்கம் கொடுத்திருந்தது. தலைப்பிரசவத்துக்கு அப்பா அழைத்துவரப் போகிற நேரம் ஆற்றில் வெள்ளம். வெள்ளம் வடியட்டும் என்று ஒரு வாரம் தள்ளிப்போட்டார். அந்த வாரத்திலேயே அவளுக்கு வலி கண்டு, இரண்டு நாள் துடித்து, புருஷன் வீட்டிலேயே அவளும் போனாள், பிள்ளையும் போயிற்று. அதற்குப் பிறகு அம்மா ஆற்றுப்பக்கம் திரும்பியே பார்க்கமாட்டாள். நான் முழுகாமல் இருக்கிறேன் என்று தெரிந்த அன்றே, "இவள நான் கையில வச்சித்தான் பெத்தெடுக்க வைப்பேன்" என்று சொல்லிவிட்டாள். எனக்கும் அதே எண்ணம்தான். பகலில் வேலை செய்யும்போது தெரியாது. சும்மா உட்கார்ந்தால் அக்கா முகம் வரும். பயந்தேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன், செத்துப்போவேன் என்று பயந்தேன்.

ஆனியில் ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. வளைகாப்புப் போட்டு, அப்பா வந்து முறையாக அழைத்துப்போக நாள் குறித்தாகிவிட்டது. இன்னும் நான்கே நாள். அன்றைக்குப் பார்த்துப் பேப்பரில் வந்தது. ஜெர்மனி ஒப்பந்தத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு ருஷ்யாவுக்குள் நுழைந்துவிட்டது.

கடையில் நடந்ததை என் வீட்டுக்காரர் வந்து சொன்னார். அவர் முகமே பேயறைந்த மாதிரி இருந்தது. அப்பா படித்துவிட்டுப் பேப்பரைத் தொடையில் அறைந்தாராம். "முந்தாநாள் வரைக்கும் ருஷ்யாக்காரன் அனுப்புன கோதுமையத் தின்னுட்டு, முதுகுல குத்திட்டான் பாரு உங்க ஆளு!"

"முதுகக் காட்டிக்கினு நின்னா குத்தத்தான் செய்வான். உஷாரா இருக்கறதுக்கு இன்னா?" என்றாராம் மாமனார்.

அதோடு விட்டிருக்கலாம். அப்பாவுக்கு நாக்கு நீளம், எனக்கும் அவரிடமிருந்து வந்ததுதான். "இந்த மாதிரி ஆளுங்கள நம்பித்தானே நானும் பொண்ணக் குடுத்தேன்!" என்று நாலு பேர் நடுவில் சொல்லிவிட்டார்.

மாமனார் எழுந்து நின்று நிதானமாகச் சொன்னாராம். "அந்த வார்த்தைக்கு நீங்க என் வூட்டு வாசல்ல வந்து மன்னிப்புக் கேளுங்க. அதுவரைக்கும் என் மருமவ படி தாண்டமாட்டா." அப்பா, "செத்தாலும் அந்தப் படிய மிதிக்கமாட்டேன்" என்றாராம்.

செத்தாலும்! யார் செத்தாலும்? கேட்கவேண்டும் என்று வாய் துடித்தது. யாரிடம் கேட்பது?

வளைகாப்பு நின்றுபோனது. மாமனார் கடைத்தெருவுக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். அங்கே அப்பா இருப்பார் அல்லவா! ஆனால் பேப்பர் கேட்காமல் அவரால் இருக்கமுடியவில்லை. கடைக்காரரிடமிருந்து பழைய பேப்பரை வாங்கிவரச் சொல்லி மகனை அனுப்புவார். படிப்பதற்கு நான். பெரிய படிப்பு இல்லாவிட்டாலும் மூன்றாம் வகுப்புவரை படித்தவள் இல்லையா? அவர் கூடத்தில் உட்காருவார், நான் சமையல்கட்டு வாசலில் நிலையோரம் நின்று படிப்பேன். நேருக்கு நேர் நிற்கமாட்டோம். படித்து முடித்ததும் பேப்பரை வாங்கி முற்றத்து வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்ப்பார். படம் பார்க்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

ஜெர்மன்காரன் போய்க்கொண்டே இருந்தான். ருஷ்யாவில் ஊர் ஊராக விழுந்தது. அவருக்குச் சந்தோஷமாக இருந்திருக்கவேண்டும். இல்லை. கேட்டுவிட்டு "ம்" என்பார். எதிர்க்கட்சி இல்லாமல் ஜெயிப்பதில் அவருக்கு என்ன ருசி? ஏரிக்கு அந்தப் பக்கம் அப்பாவும் அப்படித்தான் இருந்திருக்கிறார். படிப்பதற்கு இருந்தும் கேட்பதற்கு ஆளில்லை. எனக்கு அவர்கள் மேல் பரிதாபம் வரவில்லை. என் வயிறு எனக்கு.

ஆடி போயிற்று. தயிர்க்காரம்மாவிடம் அம்மா சொல்லி அனுப்பினாள். "நடந்தாவது வந்துடச் சொல்லு." எப்படி நடப்பது? அழைக்காமல் தாய்வீடு போன தலைச்சூலிக்குப் புகுந்த வீட்டில் திரும்பி இடமுண்டா? வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னாங்க, உங்க அப்பாகிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"நான் எப்பிடிச் சொல்றது?"

"வாயில இன்னா கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க? எங்க அக்கா போன மாதிரி நானும் போனப்புறம் சொல்வீங்களா?"

அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம் அவரைத் திட்டுவதில் பிரயோஜனமில்லை என்று விட்டுவிட்டேன்.

ஆவணி பிறந்தது. ஒன்பதாம் மாதம். இரட்டைப்படை மாதத்தில் வளை போடமாட்டார்கள். இந்த மாதமும் போனால் வளையும் இல்லை, அழைப்பும் இல்லை. ஒருநாள் மத்தியானத்திலிருந்தே இடுப்பு விட்டுவிட்டு வலித்தது. சாயங்காலம் பேப்பர் வந்தது. நிலையைப் பிடித்துக்கொண்டு பிரித்தேன். பெரிய எழுத்தில், ஜெர்மன் படை இன்னும் ஒரு ஊரைப் பிடித்த சங்கதி. அதைப் பார்த்தேன். கூடத்தில் காத்திருக்கிறவரின் முதுகைப் பார்த்தேன். என் வாய் தானாகப் படித்தது.

"ஜெர்மனியும் ருஷ்யாவும் சமாதானம். இரண்டு நாட்டு மந்திரிகளும் சந்தித்துப் பேசி, சண்டையை நிறுத்திக்கொள்வதாக ஒப்புக்கொண்டார்கள்."

பேப்பரில் இருப்பது மாதிரியே, இழுத்து, நிறுத்திப் படித்தேன்.

"யாரு மொதல்ல போனாங்களாம்?"

"ஜெர்மன்காரர்தான் போனாராம், மாமா."

"ம். பெரியவன்னா அவந்தான் போவணும்" என்றார். வழக்கம்போலப் பேப்பரை வாங்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனார்.

மறுநாள் விடிந்ததும் வண்டி பூட்டச் சொன்னார். என் வீட்டுக்காரர்தான் ஓட்டிப்போனார். அவர் வந்து சொன்னது இது. அப்பா முற்றத்தில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து, புதுச்சேரியிலிருந்து சித்தப்பா அனுப்பிய அதே தேதிப் பேப்பரைத்தான் பிரித்துவைத்திருந்தாராம். ஊர் விழுந்த செய்தி முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில். அம்மா கதவோரம். மாமனார் படிக்கு வெளியிலேயே நின்று சொன்னாராம். "சம்பந்தி, அவனுங்க சமாதானம் ஆயிட்டானுங்களாம். எங்க ஆளே வந்துட்டானாம். நானும் வந்துட்டேன்."

அப்பா பேப்பரைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அப்புறம் அந்தப் பேப்பரை நாலாக மடித்துத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாராம்.

"ஆமாமா, நானும் படிச்சேன்" என்றார். "வாங்க, உள்ள வாங்க. அன்னிக்கு நான் சொன்னது தப்பு வார்த்த. மனசுல வச்சிக்காதீங்க."

மூன்றாம் நாள் கை நிறையக் கண்ணாடி வளையலோடு ஏரிக்கரை மேல் வண்டியில் போனேன். வழி முழுக்க அழுதேன், காரணம் கேட்ட வீட்டுக்காரரிடம் தூசி என்றேன். புரட்டாசி பிறப்பதற்கு முன் பெண் பிறந்தாள். சுலபமாகப் பிறக்கவில்லை. ஒரு பகல் முழுக்க அம்மா என் தலையை மடியிலிருந்து இறக்கவில்லை. பிள்ளை அழுதபோது அம்மா அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். யாரும் அவளைத் திருத்தவில்லை.

பிள்ளைபெற்ற உடம்பு தேறியதும் எனக்குப் புதுப் பயம் வந்தது. இருவரும் மறுபடி கடைக்குப் போகிறார்கள். அப்பா உரக்கப் படித்தால் என் பொய் வெளுத்துப் போகாதா? அப்பாவிடமே கேட்டேன். அவர் சிரித்தார்.

"கடைத்தெருவுல யுத்தத்த நிறுத்தியாச்சும்மா" என்றார்.

நிஜமாகவே நிறுத்தியிருந்தார்கள். "எம் பொண்ணு பொய்க்காரி ஆகக்கூடாது" என்று அப்பா கடைக்காரரின் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டாராம். மாமனாரின் வண்டி தெருமுனையில் தெரிந்ததும் பேப்பர் அரிசி மூட்டைக்குப் பின்னால் போய்விடும். மழை, கரும்பு, மாட்டு வியாதி, இவைதான் பேச்சு. ஒருநாள் வில்லியனூரிலிருந்து வந்த வண்டிக்காரர் ஒருவர் விளக்கெண்ணெய் வாங்க நின்று, "ருஷ்யாவுல பனி கொட்டுதாம், ஜெர்மன்காரன் மாட்டிக்கினான்" என்று ஆரம்பித்திருக்கிறார். கடைக்காரர் ஒரு வெல்லக்கட்டியை அவர் கையில் திணித்து, "சாப்ட்டுப் பாரு, சாப்ட்டுப் பாரு" என்று வாயை அடைத்தாராம். மாமனார் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாராம். உலகமே பற்றி எரிந்தபோது, பாகூரில் ஒரு மளிகைக்கடை வாசலில் மட்டும் ஐந்து மாதம் சமாதானம்.

பின்னால், யுத்தமெல்லாம் முடிந்து, ஜெர்மன்காரர்கள் மனிதர்களை அடைத்துவைத்துக் கொன்ற கொடுமையைப் பேப்பரில் போட்டபோது, அதையும் நான்தான் அவருக்குப் படித்தேன். அன்றே அந்தக் கத்தியை எடுத்துப்போய் மாட்டுக்கொட்டகைக் கூரையில் செருகிவிட்டார். மறுபடி தொடவில்லை. அப்பாவின் ருஷ்யாவிலும் எல்லாம் சித்தப்பா சொன்னபடி இல்லை என்று தெரிய இன்னும் வருஷங்கள் ஆயின.

அதெல்லாம் பின்னால். அந்தத் தையில், பிள்ளைக்கு ஐந்தாம் மாதம், அவளோடு பாகூருக்குத் திரும்பினேன். அன்று சாயங்காலமே என் வீட்டுக்காரர் பேப்பர் கொண்டுவந்து கொடுத்தார். பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டேன். மாமனார் கூடத்தில் உட்கார்ந்து பேத்தியை மடியில் போட்டுக்கொண்டிருந்தார். நான் நிலையோரம் போய் நின்றேன். சமாதானம் என்று படித்துத் தொலைத்தாயிற்று. இனி எதைப் படிப்பது?

"இங்க குடு" என்றார். கொடுத்தேன். பிள்ளையை ஒரு கையில் அணைத்துக்கொண்டு, பேப்பரை முற்றத்து வெளிச்சத்துக்கு நேராக உயர்த்தினார். மேலே இருந்த கொட்டை எழுத்தின்மேல் விரலை வைத்து நகர்த்தினார்.

"மாஸ்கோவிலிருந்து… ஜெர்மன் படை… பின்வாங்குகிறது" என்று ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்.

நிலையை விட்டு ஓரடி முன்னால் வந்துவிட்டேன்.

"மாமா…"

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பேத்தியின் மேல் விழுந்த பேப்பரின் நிழலை ஒதுக்கிவிட்டு, அதை என் பக்கம் நீட்டினார்.

"பெரிய எழுத்து எனக்கு எப்பவும் தெரியும்மா" என்றார். "சின்ன எழுத்துதான் தெரியாது. அத நீ படி. இன்னியிலேர்ந்து இருக்கறத இருக்கற மாதிரியே படி."